பல சபைகளின் வேதாகமங்களை எப்படி அடுக்குவது?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்)
நான் தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவன் அல்லன். ஆனாலும் பழைய புத்தகக் கடைகளிலும் உறவினர் வீடுகளிலும் கிடைத்த வெவ்வேறு சபைகளின் வேதாகமங்களை விருப்பத்தோடு சேர்த்து வருகிறேன். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்களும் சீர்திருத்தச் சபைகளின் பதிப்பில் 66 நூல்களும் இருப்பது ஏன்? இவற்றைச் சபைவாரியாக அடுக்குவதா, காலவரிசையிலா?

மறுமொழி (பட்டர்வொர்த், பினாங்கு)
ஐயா, வேறுபாடு பழைய ஏற்பாட்டில் மட்டுமே உள்ளது; புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இரண்டிலும் ஒன்றே. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்தன. யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இடம்பெறவில்லை; சீர்திருத்தச் சபைகள் அந்த எபிரேயத் தொகுப்பையே பின்பற்றுகின்றன. சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இத்தகைய நூல்களை அடியோடு விலக்காமல் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார் என்பதையும், கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்து பொதுச்சங்கத்தில் (ஆயர்கள் கூடிய பேரவை) அவற்றைத் திருநூல்களாக உறுதிசெய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பிரிவு எப்படி வளர்ந்தது என்பது விளங்கும்.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ்)
காலவரிசையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது முதல் 1995இல் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது வரை, தமிழ் வேதாகமத்தின் வளர்ச்சியை அது காட்டும். ஆர்த்தடாக்ஸ் (கிழக்குத் திருச்சபை) பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். மற்ற இரண்டிலும் சங்கீதங்கள் 150தான்; அதில் 151ஆம் சங்கீதத்தைக் காணலாம். நம் ஊர் ஈரப்பதம் தாளைக் கெடுக்கும் என்பதால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.