திருகோணமலையில் 'த்ரில்லர்' கேட்டவர்கள் கொஞ்சம் வாருங்கள்

உவர்மலைப் பழசு:

மைக்கல் ஜக்சனின் 'த்ரில்லர்' பாட்டுத் தொகுப்பு வெளிவந்தது 1982 நவம்பர் கடைசியில். எங்கள் ஊருக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை இருக்கும். என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எழுதுங்கள்.

எனக்கு அப்போது 16 வயது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெற்றுக் கசெற்றையும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். கொழும்பிலிருந்து 'த்ரில்லர்' இசைத்தட்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய காசில் ஒரு சி-60 கசெற் வாங்கிக் கொடுத்தேன். கடை அண்ணன், "வெள்ளிக்கிழமை வாரும் தம்பி" என்றார். அது 1983 யூலை. வெள்ளி வருவதற்குள் கடைகள் எரிந்தன. அந்தக் கடையும்தான். அண்ணன் குடும்பத்தோடு படகேறி இந்தியா போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தத் தொகுப்பை முழுதாகக் கேட்டபோது எனக்கு 24 வயது, கொழும்பில் ஒரு நண்பனின் அறையில். ஒன்பதே பாட்டு, 42 நிமிடம். இவ்வளவுதானா என்றிருந்தது. எட்டு வருடமாகத் தலைக்குள் அது என்னென்னவோ ஆக வளர்ந்துவிட்டிருந்தது.

கிண்ணியாக் காக்கா:

அந்த 42 நிமிடத்தில்தான் என் கதையே இருக்கிறது. சி-60இல் ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும். 'த்ரில்லர்' ஒரு பக்கம் 20, மறுபக்கம் 22. மிச்சத்தைச் சும்மா விட ரெக்கோடிங் பார்க்காரருக்கு மனம் வராது. வாப்பா 1985இல் சவூதியிலிருந்து பெரிய ரேப் ரெக்கோடர் கொண்டுவந்தார், கசெற்றை இங்கேதான் பதிந்தோம். முதல் பக்கத்தின் கடைசியில் பொனி எம் குழுவின் இரண்டு பாட்டு. மறுபக்கத்தின் கடைசியில் நம் நாட்டுப் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. நான் ஓ.எல். சோதனை எழுதும்வரை 'சுராங்கனி'யும் அந்தத் தொகுப்பில் ஒன்று என்றே நினைத்திருந்தேன். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒருவனோடு கைகலப்புக்கூட நடந்தது.

கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் நமக்குப் பாதைதான், ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. ஒருநாள் வாப்பா அந்தப் பெட்டியைப் பாதையில் வைத்தே போட்டுவிட்டார். முதல் பாட்டின் கடைசியில் 'மாமா, மாமா' என்று கூப்பிடுவது மாதிரி ஒரு கூட்டக் குரல் வரும். பக்கத்தில் இருந்த மூத்தம்மா கேட்டார்: "ஆரு மகன் இது, மாமாவத் தேடி இப்பிடிக் கத்துறான்?" எல்லோரும் சிரித்தோம். பின்னாளில்தான் தெரிந்தது, அந்தக் குரல் கமரூன் நாட்டுக்காரர் மனு டிபாங்கோ 1972இல் பாடியதிலிருந்து வந்தது. கேட்காமல் எடுத்ததற்கு அவர் வழக்குப் போட, காசு கொடுத்துத்தான் தீர்த்தார்களாம். அது மாமா இல்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், என்னவென்று மூத்தம்மாவைப்போல எங்களுக்கும் தெரியாது.

சாம்பல்தீவு:

நான் முதலில் பார்த்தேன், பிறகுதான் கேட்டேன். டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விடியவிடியப் படம் ஓடிய காலம். ஒரு சிவாஜி படம் முடிந்து அடுத்தது போடுமுன் 'த்ரில்லர்' பாட்டின் அந்த 14 நிமிட வீடியோவைப் போட்டார்கள். ஜோன் லாண்டிஸ் இயக்கிய படம் அது. பேய் பிசாசை நம்பச் சொல்லவில்லை என்று தொடக்கத்தில் ஜக்சனே ஓர் அறிவித்தல் போட்டிருப்பார், அவருடைய சபையில் அப்படிக் கட்டுப்பாடு. அதை வாசிக்கத் தெரிந்தவர் முற்றத்தில் ஒருவரும் இல்லை. அவருடைய கண் மஞ்சளாக மாறியதும் அம்மம்மா எழுந்துபோய்த் திருநீற்றுக் குடுவையோடு வந்தார். அன்றிரவு கிணற்றடிக்கு ஒருவரும் தனியாகப் போகவில்லை.

அடுத்த சிவராத்திரி முழிப்புக்கு எங்கள் பெடியன்கள் மேடையேற்றிய நிகழ்ச்சி என்ன என்று சொல்லவா வேண்டும். முகத்துக்குக் கோதுமை மா. அம்மம்மா முன்வரிசையில்.

சம்பூர்:

நான் 1992இல் பிறந்தவன். எனக்குப் பிரபுதேவாதான் முதலில். மைக்கல் ஜக்சனைப் பிறகு பார்த்தபோது, "ஆரடா இது, பிரபுதேவாவைப் பார்த்து ஆடுறான்?" என்று உண்மையாகவே கேட்டேன்.

2009 யூன் 25 அவர் இறந்தபோது நாங்கள் கிளிவெட்டி அகதி முகாமில் இருந்தோம். செய்தி வானொலியில் வந்தது. அந்த நாட்களில் எத்தனையோ சாவுச் செய்தி கேட்டிருந்தோம், பெரியவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் நாலைந்து பேர் மட்டும் கொட்டிலுக்குள் போய் ஆடினோம். 1983இல் தொலைக்காட்சியில் அவர் முதல்முறை காட்டிய அந்தப் பின்னோக்கிய சறுக்கல் நடை கடற்கரை மணலில் சரிவராது, மண் தரையிலும் வராது. தறப்பாளில் சொக்ஸ் போட்டுக்கொண்டு ஆடினால் வழுக்கிக்கொண்டு போகும். எங்களுக்கு நிறையத் தறப்பாள் இருந்தது.

ஒரு குழப்பக்காரன்:

எல்லோரும் சரி. ஆனால் 1979இல் வந்த ஜக்சனின் 'ஓஃப் த வோல்' தொகுப்புத்தான் பாட்டாகப் பார்த்தால் மேல். 'த்ரில்லர்' 37 வாரம் அமெரிக்காவில் முதலிடம், 1984இல் ஒரே இரவில் எட்டுக் கிராமி என்று கணக்குச் சொல்வதை விட்டுவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அடிக்க வராதீர்கள்.

பாலையூற்று அக்கா:

அடிக்க மாட்டோம், ஆனால் நீங்கள் சொல்வது பிழை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பறங்கி அங்கிள் இருந்தார். கலியாண வீடுகளுக்குக் கிற்றார் வாசிப்பார். 'பீற் இற்' பாட்டில் எடி வன் ஹேலன் வாசித்த அந்தத் தனி வாசிப்பைப் பிடிக்க ஒரு மாதம் மல்லுக்கட்டினார். வன் ஹேலன் அதைக் காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தாராம். அங்கிள் கேள்விப்பட்டிருந்தால், "காசு குடுத்தாலும் எனக்கு ஏலாது" என்றிருப்பார். கடைசியில் அதை விட்டுவிட்டு 'பில்லி ஜீன்' பாட்டின் அடிச்சுரத்தை எடுத்து பைலா தாளத்தில் போட்டார். இடுப்புத் தானாக ஆடும். எந்தப் பாட்டு என்று தெரியாமலே பாலையூற்றில் எத்தனையோ கலியாணத்தில் அதற்கு ஆடியிருக்கிறார்கள். என்னுடையதிலும்.

சவுண்ட்ஸ்காரன்:

'பில்லி ஜீன்' என்றதும் கை துறுதுறுக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. 20 வருடமாக ஒலிபெருக்கித் தொழில். கோயில் திருவிழா, கலியாணம், அரசியல் கூட்டம் எதுவென்றாலும், பெட்டிகளை அடுக்கி, வயர் கொழுவி முடிந்ததும் நான் முதலில் போடுவது அந்தப் பாட்டின் தொடக்கம். தனி ட்ரம்ஸ், பிறகு பேஸ். பேஸ் பெட்டியில் ஏதாவது கடகடத்தால் பத்தாவது விநாடியில் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இதைப் பழக்கிய முதலாளிக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் அதற்கு வைத்த பெயர் 'டும்டக்'. "தம்பி, டும்டக்கைப் போடு" என்பார்.

ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் அந்த ட்ரம்ஸுக்கென்றே தனி மேடை அடிப்பித்தார். பாட்டை 91 தடவை கலவை செய்து பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டாவதையே எடுத்தார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருவிழாவில் நானும் விடியும்வரை திருகிவிட்டு முதலில் வைத்த இடத்துக்கே வந்து நிற்பேன்.

ஒரு முறை அம்மன் கோயிலில் தர்மகர்த்தா ஐயா பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, கொடியேத்தத்துக்கு இங்கிலீஸ் பாட்டா?"

"பாட்டு இல்ல ஐயா. ஆள் வாய் திறக்கமுதல் நிப்பாட்டிருவன்."

உண்மையும் அதுதான். குரல் வருமுன் கிட்டத்தட்ட அரை நிமிடம் வெறும் தாளம்தான். அது நீளம், வெட்டு என்று தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் சொன்னாராம். அதைக் கேட்டால்தான் ஆட வருகிறது என்று ஜக்சன் விடவில்லை. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அம்மன் கோயிலில் நான் எதைப் போட்டிருப்பேன்? ஐயா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "தவில் மாதிரித்தான் கிடக்கு" என்று சொல்லிப் போனார். இப்போது நான் மறந்தாலும் அவரே கேட்கிறார், "இண்டைக்கு டும்டக் இல்லையோ?"

உவர்மலைப் பழசு:

சவுண்ட்ஸ்காரத் தம்பி, ரெக்கோடிங் பார் அண்ணனின் கடையிலும் வாசலில் நின்றால் முதலில் அந்த டும்டக்தான் கேட்டது. யாரோ பதியக் கொடுத்திருந்தார்கள். அந்த அரை நிமிடம் கேட்டுத்தான் நான் காசுக்கு வீட்டுக்கு ஓடினேன். எழுத மறந்துவிட்டேன்.

கிண்ணியாக் காக்கா:

அண்ணன், என்னிடம் உறை பிரிக்காத சி-60 ஒன்று கிடக்கிறது. வாப்பாவின் பெட்டியும் இன்னும் வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதிந்து தருகிறேன். ஆனால் கடைசியில் 'சுராங்கனி' போடாமல் தர மாட்டேன்.