ஈஸ்ட் ஹாம் வீட்டு டெபாசிட்: வக்கீல் இல்லாமல் வழக்குப் போட்டவர்கள் உண்டா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை வாடகைக்கு இருந்தோம். மாத வாடகை 1,300 பவுண்டு, டெபாசிட் 1,500. காலி செய்ததும், சோபாவுக்கு அடியில் கார்ப்பெட்டில் டீக்கறை என்று ஓனர் முழுப் பணத்தையும் பிடித்துக்கொண்டார். குடிவந்த அன்று எடுத்த போட்டோவிலேயே அந்தக் கறை இருக்கிறது!

டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் ஓனர் அதை அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டிருக்க வேண்டும். அந்தத் திட்டங்களான டி.பி.எஸ்., மைடெபாசிட்ஸ், டி.டி.எஸ். மூன்றிலும் தேடிவிட்டேன், எதிலும் இல்லை. மெயில், பதிவுத் தபால் எல்லாம் அனுப்பியாயிற்று. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அப்படிப் பதியாததற்கு டெபாசிட் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கோர்ட் அபராதம் போடலாம்தான், ஆனால் வக்கீல் வைத்தால் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

வழக்குப் போடுவதற்கான என்208 படிவத்தைத் தாங்களே நிரப்பி கவுண்டி கோர்ட்டுக்குப் போனவர்கள், என்னென்ன ஆதாரம் இணைத்தீர்கள்?