தளியில் பியர்டட் ஐரிஸ் பூக்குமா?

தளி தோட்டம்:
மச்சான் ராணுவத்தில், ஸ்ரீநகரில் இருக்கிறார். லீவுக்கு வரும்போது பியர்டட் ஐரிஸ் (இதழில் தாடி போல முடி உள்ள பூச்செடி) கிழங்கு கொண்டுவருகிறேன் என்கிறார். அங்கே கல்லறைத் தோட்டங்களில்கூட ஏப்ரல், மே மாதங்களில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமாம், போட்டோ பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. ஓசூர் பக்கம் எங்கள் தளியில் மார்கழி, தை இரவுகள் நல்ல குளிர். தங்கை வீடு தர்மபுரி, அங்கே வெயில்தான். எங்கே நடலாம்? குட்டை ரகமா, உயர ரகமா?

ஓசூர் மாடித்தோட்டம்:
குட்டை ரகம் வேண்டவே வேண்டாம். சாண் உயரம்கூட வராத அந்த வகைகளுக்குத்தான் குளிர் அதிகம் தேவை. 70 செ.மீ.க்கு மேல் வளரும் உயர ரகம் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் வாரக்கணக்கில் குளிர் விடாமல் இருந்தால்தான் மொட்டு கட்டும். நம் பக்கம் இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் பகலில் 25 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இலை செழிப்பாக வரும், பூவுக்கு உறுதி சொல்ல முடியாது.

டல்லாஸ் தமிழன்:
சொந்த ஊர் பாலக்கோடு, இப்போது டெக்சாஸில். இங்கே கோடையில் 38 டிகிரி சாதாரணம், அப்படியும் வீட்டுக்கு வீடு ஐரிஸ் பூக்கிறது, ஏனென்றால் குளிர்காலத்தில் உறைபனி விழும். அதனால் தர்மபுரி வெயிலைக் குறை சொல்லாதீர்கள், இல்லாதது குளிர்காலம்தான். கிழங்கை ஆழமாகப் புதைக்காதீர்கள், அதன் முதுகு வெயிலில் தெரிய வேண்டும். ஈரம் தேங்கினால் கூழாகி நாறிவிடும். கோழி எரு, யூரியா பக்கமே போகாதீர்கள், தழைச்சத்து மிஞ்சினால் அழுகல் சீக்கிரம் பிடிக்கும்.

தளி தோட்டம்:
அப்போ தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன். எப்போது கொண்டுவரச் சொல்லட்டும்?

ஓசூர் மாடித்தோட்டம்:
பூ முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஜூலை வாக்கில் தோண்டச் சொல்லுங்கள். இலையைக் கையளவு விட்டு வெட்டி, நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றினால் போதும், பிளாஸ்டிக் கவர் கூடாது. செம்மண்ணோடு சரிபாதி மணல் கலந்து, ஓட்டை பெரிதாக உள்ள தொட்டியில் நடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் நமக்கு மழை பலமாயிற்றே, அப்போது மட்டும் வெளிச்சமான தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள், மற்ற நாளெல்லாம் ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

தர்மபுரி செம்மண்:
தங்கைக்கு பிளாக்பெர்ரி லில்லி வாங்கிக் கொடுங்கள். ஆரஞ்சுப் பூவில் சிவப்புப் புள்ளி, அப்புறம் காய் வெடித்தால் கருப்பு முத்துக் கொத்து. டிஎன்ஏ ஆய்வை வைத்து 2005இல் அதையும் ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தாடி கிடையாது, ஆனால் நம் வெயிலில் பூக்கும், விதை போட்டாலே முளைக்கும்.