டிகிரி முடிக்காமல் மெடிக்கல் ஸ்கூலில் சேர முடியுமா? 90 கிரெடிட் போதும் என்கிறாள் மகள்

பிரிஸ்கோ_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, இங்கேயே பிறந்தவள். ஒன்பதாவதிலிருந்தே கம்யூனிட்டி காலேஜில் டியூவல் கிரெடிட் வகுப்புகளை (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் வகுப்புகள்) எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாள், பள்ளி முடிக்கும்போது 60 கிரெடிட் (கல்லூரிப் பாட அலகு) கையில் இருக்கும். போன ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினாள். முதல் நெடுவரிசையில் டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல்களின் பெயர்கள், பக்கத்தில் 'குறைந்தபட்சத் தகுதி' என்று போட்டு வரிசையாக 90, 90, 90. எல்லாவற்றுக்கும் பச்சை அடித்து வைத்திருக்கிறாள். "டிகிரி கட்டாயம்னு எங்கயும் போடலப்பா. இன்னும் 30 கிரெடிட்தான், ஒரே வருஷம். பத்தொன்பது வயசுல எம்.டி. ஆரம்பிச்சிடலாம்" என்கிறாள். எம்.டி. என்றால் இங்கே முதல் டாக்டர் பட்டமே, நம்மூர் எம்பிபிஎஸ் மாதிரி. ரசம் ஆறியதுதான் மிச்சம், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் பி.இ. முடித்து வேலைக்கு வந்தவன். நம்மூரில் ப்ளஸ் டூ, நீட், நேரே எம்பிபிஎஸ். இங்கே நாலு வருடம் ஏதோ ஒரு டிகிரி படித்துவிட்டு அதற்கப்புறம்தான் மெடிசின் என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் இருக்கும் என் அப்பா வேறு வாரம் தவறாமல் போன் பண்ணி "பாப்பாவ எப்பப்பா டாக்டருக்குச் சேக்கப் போற?" என்று கேட்கிறார். அவர் கணக்கில் இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

அவள் சொல்வது உண்மையா? அப்படிச் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஒரு வருடக் கல்லூரிச் செலவு மிச்சமானாலும் எனக்கு லாபம்தான், பொய் சொல்லவில்லை.

எம்3_தூக்கமில்லை:

அண்ணா, நான் டெக்சஸில்தான் மெடிக்கல் ஸ்கூல் மூன்றாம் வருடம். முதலில் ஒன்று, உங்கள் மகளின் ஷீட்டில் தப்பில்லை. டெக்சஸின் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் எழுத்தில் கேட்பது 90 செமஸ்டர் கிரெடிட்தான், டிகிரி இருந்தால் நல்லது என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். டி.ஓ. என்னும் இன்னொரு வகை டாக்டர் பட்டம் தரும் கல்லூரிகளிலும் அப்படித்தான், அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் விதியில் 90 கிரெடிட், அல்லது டிகிரிக்கு வேண்டியதில் முக்கால் பங்கு. மற்ற மாநிலங்களில் டிகிரி கட்டாயம் என்று அடித்துச் சொல்லும் இடங்களும் உண்டு. ஆனால் என் வகுப்பில் எனக்குத் தெரிந்து டிகிரி இல்லாமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

காரணம் விதியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரு ஆகஸ்டில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வருடம் மே, ஜூனிலேயே விண்ணப்பம் போக வேண்டும். பள்ளி முடிந்து ஒரே ஒரு வருடம் கல்லூரி, உடனே எம்.டி. என்றால் அவள் விண்ணப்பிக்க வேண்டிய மாதம் எது? ஹைஸ்கூல் கிராஜுவேஷன் நடக்கும் அதே மாதம். அதற்குள் எம்கேட் என்னும் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் ஏழரை மணி நேரம் ஓடும் பரீட்சை, 528க்கு மதிப்பெண், சேர்ந்தவர்களின் சராசரியே 511, 512 பக்கம். அதில் பயோகெமிஸ்ட்ரி வரும், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வரும், சைக்காலஜி, சோசியாலஜி வரும். பதினேழு வயதில் பள்ளியின் ப்ராம் விருந்தையும் பார்த்துக்கொண்டு இதையும் எழுத வேண்டும்.

சரி, ஒரு வருடம் தள்ளி, கல்லூரியில் இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டாலும் கல்லூரி முதல் வருடம் முடிந்த கையோடு விண்ணப்பம். அப்போது சிபாரிசு லெட்டர் யார் கொடுப்பார்கள்? சயின்ஸ் புரொபசர் இரண்டு பேராவது அவளைத் தெரிந்து எழுத வேண்டும். டியூவல் கிரெடிட்டில் பாதி ஆன்லைன், அந்த ஆசிரியருக்கு இவள் முகமே தெரியாது. ஆஸ்பத்திரியில் வாலண்டியர் பண்ணிய மணிக்கணக்கு, ஷேடோயிங் (டாக்டர் கூடவே இருந்து பார்ப்பது), ஆராய்ச்சி என்று எல்லாம் கேட்பார்கள். எம்.டி. ஸ்கூல்களுக்கு வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறவர்கள் சுமார் 23 ஆயிரம். அதில் பாதிக்கு மேல் டிகிரி முடித்த பிறகும் ஒரு வருடம், இரண்டு வருடம் இடைவெளி விட்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். நானும் அப்படித்தான், ஒரு வருடம் எமர்ஜென்சியில் ஸ்கிரைபாக டாக்டர் பின்னாலேயே ஓடி ஓடி டைப் அடித்தேன். இவர்களோடு சேர்த்துத்தான் உங்கள் மகளின் விண்ணப்பத்தையும் படிப்பார்கள். 90 கிரெடிட் என்பது உள்ளே வரும் வாசல் இல்லை, வாசலுக்கு வெளியே இருக்கும் கேட் மாதிரி.

இன்னொன்று, இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. டியூவல் கிரெடிட் மதிப்பெண் எல்லாம் மெடிக்கல் ஸ்கூல் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் சேரும். எனக்குப் பத்தாம் வகுப்பில், பதினைந்து வயதில் எடுத்த வரலாற்று வகுப்பில் ஒரு சி. இன்டர்வியூவில் அந்த சி-யைப் பற்றி ஒருவர் கேட்டார். அன்றைக்கு வகுப்பைத் தூங்கிக் கழித்தேன் என்று எப்படிச் சொல்வது?

கத்திரிவெயில்:

மதுரையிலிருந்து எழுதுகிறேன், எம்பிபிஎஸ் முடித்து இருபது வருடம். பதினேழரை வயதில் சேர்ந்தேன். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், இருபத்து மூன்றில் வார்டில் தனியாக நைட் டியூட்டி. எங்கள் பட்டத்தின் பெயரிலேயே பேச்சலர் இரண்டு முறை வருகிறது, மெடிசினுக்கு ஒன்று சர்ஜரிக்கு ஒன்று, அதற்கு முன்னால் இன்னொரு பேச்சலர் எதற்கு? எங்கள் பேட்ச்சில் சில பேர் அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுதி அங்கே ரெசிடென்சியில் (மேற்பயிற்சி) இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் பி.எஸ்சி. சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை. பிரிட்டனிலும் ஸ்கூல் முடித்து நேரே மெடிசின்தான், அங்கே டாக்டர்கள் மோசமா என்ன? நாலு வருடம் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்துவிட்டு வந்து அனாட்டமி படிப்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

முதல் நாள் டிசெக்ஷன் ஹாலில் நான் மயங்கி விழுந்தது வேறு கதை.

எம்3_தூக்கமில்லை:

சார், ஒத்துக்கொள்கிறேன், பதினேழு வயதில் முடியாது என்று நான் சொல்லவில்லை. அங்கே மொத்த அமைப்பே அதற்கேற்ற மாதிரி, எல்லோரும் ஒரே வயது, ஒரே பரீட்சை. இங்கே இருபத்து நாலு வயதுக்காரர்கள் நிற்கும் வரிசையில் பதினெட்டு வயதுக்காரி போய் நிற்கிறாள், அதுதான் சிக்கல்.

பழைய_பேப்பர்:

டிகிரி வேண்டும் என்பது அமெரிக்காவில் ஆதியிலிருந்து இருந்த வழக்கம் ஒன்றும் கிடையாது. 1800களில் பள்ளிப்படிப்பே ஒழுங்காக இல்லாதவனும் பணம் கட்டினால் டாக்டர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியை 1889இல் திறந்துவிட்டார்கள், மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிக்கக் காசில்லை, யுனிவர்சிட்டி பணமெல்லாம் ரயில்வே பங்கில் மாட்டிக்கொண்டது. ரயில்வே முதலாளியின் மகள் மேரி காரெட் மூன்று லட்சம் டாலருக்கு மேல் தருகிறேன் என்றார், ஆனால் இரண்டு நிபந்தனை. ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும், சேர்கிறவர்கள் எல்லோரும் டிகிரி வாங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டு 1893இல் திறந்தார்கள். அங்கே புரொபசராக இருந்த வில்லியம் ஆஸ்லர் சக புரொபசர் வெல்ச்சிடம், நல்லவேளை நாம் ஆசிரியராக வந்தோம், மாணவராக வந்திருந்தால் நமக்கே இடம் கிடைத்திருக்காது என்று சொல்லிச் சிரித்தாராம். 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 155 கல்லூரிகளை அலசி அறிக்கை கொடுத்தார், அவரே கேட்டது இரண்டு வருடக் கல்லூரிப் படிப்புதான். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஏறி இன்றைக்கு நாலு வருடமாக நிற்கிறது.

வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் நார்த்ஃபீல்டு செமினரி என்ற பெண்கள் பள்ளியில் படித்தவர். பின்னாளில் ஃபிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கார்னெலுக்கு மாறி 1899இல் டாக்டர் ஆனார். நடுவில் டிகிரி என்று ஒன்றும் இல்லை. இன்றைக்கு அதே கார்னெலில் விண்ணப்பம் போட்டால் அவருக்கு என்ன பதில் வருமோ.

கறிவேப்பிலை_அக்கா:

டிகிரியும் எம்.டி.யும் சேர்ந்த பி.எஸ்./எம்.டி. படிப்பைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லையே! பள்ளியிலிருந்து நேரே சேர நிஜமான வழி அதுதான். மிசௌரி யுனிவர்சிட்டியின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1971இலிருந்து ஆறு வருடப் படிப்பு இருக்கிறது, நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியில் (CUNY) ஏழு வருடம், பிரவுன் யுனிவர்சிட்டியில் எட்டு வருடம். ஆனால் ஒன்று கவனியுங்கள், ஆறு வருடம் என்றாலும் முடிக்கும்போது பி.ஏ.வும் எம்.டி.யும் சேர்த்துத்தான் தருகிறார்கள். டிகிரியை விட்டுவிடுவதில்லை, அமுக்கி உள்ளே திணிக்கிறார்கள், கோடை விடுமுறையும் போய்விடும்.

எங்கள் பையன் வேறொரு மாநிலத்தில் ஏழு வருடத் திட்டத்தில் சேர்ந்தான், கல்லூரிப் பெயர் வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல் இடம் உறுதி என்று பேப்பரில் இருந்தது, கோயிலில் அர்ச்சனை பண்ணி உறவுக்கெல்லாம் ஸ்வீட் அனுப்பினேன். கீழே சின்ன எழுத்தில் ஜிபிஏ இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்றும் இருந்தது. இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சறுக்கினான், ஒரே ஒரு செமஸ்டர், இடம் போய்விட்டது. மூன்று மாதம் அவன் அறைக் கதவு மூடியே இருந்தது, சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்துவிட்டு வருவேன். இப்போது நாலு வருட டிகிரியை முடித்துவிட்டு ஒரு லேபில் வேலை பார்க்கிறான், போன வருடம் எம்கேட் எழுதினான், நன்றாகவே வந்திருக்கிறது. பதினெட்டு வயதில் அவனுக்கு டாக்டராக ஆசை இருந்ததா அல்லது எனக்கு இருந்ததா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஸ்காபரோ_ராசன்:

வணக்கம் அண்ணை. கனடா நிலவரமும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் யூனிவேர்சிற்றிக்கு யூனிவேர்சிற்றி மாறும். மக்மாஸ்ரரில் மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு இருந்தால் விண்ணப்பிக்கலாம், டிகிரி கட்டாயம் இல்லை. எம்காற்றிலும் வாசிப்புப் பகுதியை மட்டும்தான் பார்ப்பார்கள். ரொறன்ரோவில் டிகிரி வேணும். கியூபெக்கில் சிஜெப் (பள்ளிக்கும் யூனிவேர்சிற்றிக்கும் நடுவில் உள்ள கல்லூரி) முடித்த பிள்ளைகள் ஒரு வருட ஆயத்தப் படிப்போடு மெடிசினுக்குப் போகலாம், அது அந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கான வழி. எங்கள் பக்கத்தில் கனபேர் மூன்றாம் வருடத்தில் ஒருக்கா போட்டுப் பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் நாலாம் வருடத்தை முடித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். என்ரை மச்சாளின் பிள்ளை அப்படித்தான், மூன்றாம் முறை கிடைத்தது. டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டு முயற்சிப்பது நல்லது, ஏனென்றால் மெடிசின் கிடைக்காவிட்டால் அரைகுறைப் படிப்போடு எங்கே போறது?

எச்4_கவலை:

பிரிஸ்கோ சார், உங்கள் மகள் சிட்டிசன் என்பதால் பாதி தலைவலி இல்லை. எங்கள் மகன் எச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கான விசா. நிறைய எம்.டி. ஸ்கூல்கள் சிட்டிசன், கிரீன் கார்டு இல்லாதவர்களின் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இருபத்தொன்று ஆனால் எச்-4 போய் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும், அதனால் எனக்கும் உங்கள் மகள் மாதிரியே சீக்கிரம் சேர்த்துவிடலாமா என்றுதான் ஓடுகிறது. ஃபெடரல் கடனும் கிடையாது. சிட்டிசன்களுக்கே ஜூலை 2026லிருந்து புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு மெடிக்கல் ஸ்கூலுக்கு வருடத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் இரண்டு லட்சம் டாலர்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடனை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் மிச்சம் பிடிப்பதை விட டெக்சஸ் அரசு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தால்தான் காசு மிச்சம். அங்கே ஃபீஸ் குறைவு, பத்தில் ஒன்பது இடம் டெக்சஸ்காரர்களுக்கே.

பிரிஸ்கோ_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன், தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாள், அக்கா எழுதியதை மட்டும் இரண்டு முறை வாசித்தாள். அப்புறம் ஷீட்டை எடுத்து பச்சையை எல்லாம் அழித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை புதிதாகச் சேர்த்தாள், 'யார் லெட்டர் தருவார்கள்' என்று. அது முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.

இப்போதைக்கு முடிவு இது. 60 கிரெடிட்டோடு போவாள், ஆனால் கல்லூரியில் மூன்று வருடமாவது இருந்து டிகிரியை வாங்கிக்கொண்டுதான் வருவாள், ஒரு வருடம் மிச்சம் என்கிற என் ஆசையும் அதில் அடங்கிவிடுகிறது. என்ன படிக்கப் போகிறாய் என்றால் பயாலஜி இல்லை, ஸ்பானிஷ் என்கிறாள். ஆஸ்பத்திரியில் வாலண்டியர் பண்ணும்போது பேஷண்ட் பேசுவதில் பாதி புரியவில்லையாம். திருநெல்வேலிக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "டாக்டருக்குப் படிக்க ஸ்பானிஷ் எதுக்குடா" என்று அப்பா கேட்பார்.

எம்3_தூக்கமில்லை:

ஸ்பானிஷ் அருமை அண்ணா, டெக்சஸ் வார்டில் தினமும் தேவைப்படும். ஒரே ஒரு வேண்டுகோள், ஆர்கானிக்கை மட்டும் கம்யூனிட்டி காலேஜில் இப்போதே முடித்துவிடலாம் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அதை யுனிவர்சிட்டியில், முகம் தெரிந்த புரொபசரிடம் எடுக்கட்டும். அந்தக் காலி நெடுவரிசையில் முதல் பெயர் அங்கிருந்து வரலாம்.