சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள், நன்றி வாயில் வரவில்லை

தையல்காரி (ஏரல் பக்கம்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வரும்போது நல்ல மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஏழு நாள். தையல்காரி வீட்டில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். தைத்தும் தைக்காமலும் 42 ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, ஒரு கல்யாணப் பட்டு. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். எல்லாம் சேற்றுக்குள். என் துணியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அத்தனையும் அடுத்தவர்கள் நம்பிக் கொடுத்தது.

மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு பாய் மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். அவர்கள் வீட்டு அரிசியில் கஞ்சி. மூன்றாம் நாள் படகு வந்தது. குழுவில் வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது.

இப்போது விஷயம் என்னவென்றால், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் டிசம்பர் கூட்டத்துக்கு என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். "வெள்ளத்துல கர்த்தர் காப்பாத்தினதச் சொல்லு." காப்பாற்றினார், சரி. ஆனால் அந்த வெள்ளத்தில் செத்தவர்களும் உண்டு. அவர்கள் ஜெபிக்காமலா இருந்தார்கள்? எழுந்து நின்று "என்னைக் காப்பாற்றினார்" என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் நூறு ரூபாய் வைத்துவிடுகிறேன். எதற்காக என்று எழுதப் போனால் பேனா நகரவில்லை.

நீங்கள் எல்லாம் தினமும் எப்படி நன்றி சொல்கிறீர்கள்? பெரிய பிரசங்கம் வேண்டாம். வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள்.

ஜெபவீரன்:

பிரெய்ஸ் த லார்ட் சகோதரி. ரோமர் 8:28 வாசியுங்கள், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. இழந்ததையே பார்த்துக்கொண்டிருந்தால் விசுவாசம் குறையும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு இரண்டத்தனையாகத் திரும்பக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். ஆமென்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. யோபுவுக்கு ஆடும் ஒட்டகமும்தான் இரண்டு மடங்காக வந்தன. பிள்ளைகள் பழையபடி பத்துப் பேர்தான், அதுவும் வேறு பத்துப் பேர். செத்த பிள்ளைகளை யோபு மறந்தார் என்று எங்கேயும் எழுதியில்லை. நாமும் அவசரப்பட்டு மறக்கச் சொல்ல வேண்டாம்.

அம்மா, உங்கள் வீட்டுக் காலண்டரில் புலம்பல் 3:22, 23 கட்டாயம் ஒரு மாதத்திலாவது இருக்கும். இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்." முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் அதை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். நாலு வசனம் முன்னே போய் 18ஐப் பாருங்கள். "என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று." இரண்டையும் சொன்னது ஒரே வாய். அதுவும் எருசலேம் எரிந்து, பசியில் பிள்ளைகள் தெருவில் விழுந்து கிடக்கும்போது. நான் ஒரு பிள்ளைக்குக்கூட 18ஐச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மனைவி போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறது. வெள்ளத்துக்காக ஸ்தோத்திரம் என்று அதற்கு அர்த்தமில்லை, வெள்ளத்துக்குள் இருந்துகொண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எபேசியர் 5:20ல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று யாராவது மடக்குவீர்கள். மடக்குங்கள். அந்த இடத்தில் எனக்கும் இன்னும் தடுமாற்றம்தான்.

வீட்டில் நடப்பதைக் கேட்டீர்கள். காலையில் காப்பி இரண்டு தம்ளர் போடுவது பழக்கமாகிவிட்டது. இரண்டாவதைப் பால்காரருக்குக் கொடுக்கிறேன். என்னுடைய ஜெபம் அவ்வளவுதான்.

கடற்கரை மகள்:

இயேசுவுக்கே புகழ், அக்கா. நாங்கள் கத்தோலிக்கர், தூத்துக்குடிப் பக்கம். எங்களில் சாட்சி சொல்கிற பழக்கம் அவ்வளவு கிடையாது. பனிமய மாதாவிடம் போய் அழுதுவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே பேச முடியாது. அப்போது நன்றி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். மற்ற நாளில், அவர் கடலுக்குப் போய்விட்டு விடியற்காலை வரும்போது எங்கள் படகு இன்ஜின் சத்தம் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சிலுவை போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். மீன் கிடைத்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகு வருகிற சண்டை.

அந்த வெள்ளத்தில் எங்கள் ஊர்ப் படகுகளையும் லாரியில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். தெருவுக்குள் படகு ஓட்டினது இதுதான் முதல் தடவை, எந்த வீட்டுக் கேட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கம்பு விட்டுப் பார்த்துப் பார்த்துப் போனோம் என்று சொன்னார்.

நைட் டூட்டி (குவைத்):

அக்கா, நான் நர்ஸ், சொந்த ஊர் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை. டூட்டி இருந்தால் அதுவும் போச்சு. நன்றி டைரி என்று ஒரு நோட்டு வாங்கினேன், நாலு நாளில் "இன்றும் சுகம்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கை கழுவும்போது ஒரு ஆள் பெயரை நினைப்பேன். கடவுள் செய்த காரியம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. எனக்கு உதவி செய்த ஆள் யார் என்று தேடினால் பெயர் வந்துகொண்டே இருக்கும். நேற்று வந்த பெயர், எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா. பயங்கரமாகத் திட்டுவார்.

தையல்காரி (ஏரல் பக்கம்):

எல்லாருக்கும் நன்றி. ஜெபவீரன் தம்பி, நீங்களும் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும்.

ஆள் பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணப் பட்டுக்காரம்மா. தண்ணீர் வடிந்து வாசலில் சேறு தள்ளிக்கொண்டிருந்தேன், அவர்கள் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பணம் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வேறு துணி கொண்டுவந்திருந்தார்கள். "கல்யாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு, மெஷின் எப்ப வருதோ அப்பத் தச்சுக் குடு." சுசீந்திரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு மெஷினில் போய்த் தைத்தேன். இரண்டு வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடன் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் முதலில் 18ஆம் வசனத்தை வாசிக்கப் போகிறேன். செயலாளர் அக்கா முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கணும். அப்புறம் பட்டுக்காரம்மா, பாய் வீட்டுக் கஞ்சி. செத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவர்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை.

கடற்கரை மகள் தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எங்களை ஏற்றின படகில் முன்னால் நின்ற அண்ணன், மகன் நடுங்குகிறான் என்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் போர்த்திவிட்டார். பச்சைக் கட்டம் போட்ட துண்டு, ஓரத்தில் பீடிச் சூடு பட்ட ஓட்டை. இறங்கின அவசரத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஓட்டையையும் தைத்துவிட்டேன்.