சொந்தமாக எழுதிப் பாடும் நாட்டார் பாடகியின் இசைப் பின்னணியை எப்படி எழுதுவது?

கேள்வி: இரணியல் வாசகன்

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு இளம்பெண் கடந்த சில ஆண்டுகளாகத் தானே பாடல் எழுதி, மெட்டமைத்து, கிதாரும் உடுக்கையும் துணையாகக் கொண்டு பாடி வருகிறார். திரைப்படத்துக்கு அவர் பாடியதில்லை. எந்த நிறுவனத்தின் ஆதரவும் அவருக்கு இல்லை. இருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கியுள்ளன. உள்ளூர்ச் சிற்றிதழ் ஒன்றுக்காக அவரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.

அவரிடம் இசைத் தாக்கங்களைக் கேட்டபோது, வில்லுப்பாட்டு, தேவாலயப் பாடகர் குழு, பழைய மலையாளப் பாடல்கள், அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் என்று ஒரு பட்டியல் சொன்னார். அதை அப்படியே எழுதினால் எந்தப் பாடகருக்கும் பொருந்தக்கூடிய வெற்றுப் பட்டியலாகத்தான் தோன்றும் என்று அஞ்சுகிறேன். பால்வெட்டுத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய பாடல்தான் இங்கே அதிகம் அறியப்பட்டது. விடியலுக்கு முன்பே தலைவிளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போகும் ஒருவர், மரம் மரமாகப் பால் வடியும் சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இடையிடையே தன் மகளின் படிப்புச் செலவைக் கணக்குப் பார்ப்பதாக அந்தப் பாடல் அமைந்திருக்கிறது. இத்தகைய பாடலில் தாக்கத்தை எங்கே தேடுவது? மேலும், அவருடைய வளர்ச்சியைக் காணொளிப் பார்வை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் சொல்லாமல் வேறு எவ்வாறு சொல்லலாம்? பதிவு நிறுவனம் ஒன்று அவருடைய பாடல்கள் அனைத்துக்குமான ஒப்பந்தத்தை அவர்முன் வைத்திருப்பதால், அது குறித்தும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தோவாளைக்காரன்

பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டுப் பாடல்களின் கட்டமைப்பைக் கேளுங்கள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு வில்லுப்பாட்டு என்பது வெறும் இசைவகை அன்று. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை என்னும் திருவிழா நடக்கும்போது இரவு முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருக்கும் கதை சொல்லும் முறை அது. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிய பிறகே, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதைக்குள் நுழைவார். வாழி பாடி முடிப்பார். பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையே அவர் மாறி மாறிச் செல்வார். அடிக்கும் கோலான வீசுகோல் நாணில் விழும்போது வில்லின் மணிகள் ஒலிக்கும். குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அடிக்கும்போது எழும் அடங்கிய முழக்கம் கதையின் நடையைத் தாங்கும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டுக் கதையை முன்னே தள்ளுவார்.

நீங்கள் சொல்லும் பால்வெட்டுப் பாடலை நானும் கேட்டிருக்கிறேன். இரண்டாம் அடிக்குப் பிறகு மெட்டை நிறுத்திவிட்டு, மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பாலின் விலையை அவர் பேச்சாகவே சொல்கிறார். அந்த இடத்தில் கிதாரின் தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கித் தட்டுகிறார். அது குடத்தின் வேலையைச் செய்கிறது. அடுத்த அடியைத் தொடங்கும் முன் விடும் இடைவெளி, பின்பாட்டுக்காரர் "ஆமா" சொல்வதற்கான இடைவெளிதான். வில்லே இல்லாத மேடையிலும் வில்லுப்பாட்டின் நடை இருக்கிறது என்பதற்கு இவ்வளவு சான்று போதும். இதை எழுதினால் வாசகர் அந்தப் பாடலை மறுபடியும் கேட்கப் போவார்.

ஒரு துணைச் செய்தி. தெய்வக் கதைகளுக்குரிய வில்லைச் சமூகச் செய்திகளுக்கும் பொதுமேடைக்கும் கொண்டு சென்றவர்களுள் முக்கியமானவர், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவருக்காக வில்லுப்பாட்டுகள் எழுதிய சுப்பு ஆறுமுகம் பிற்காலத்தில் அக்கலையின் முகமாகவே அறியப்பட்டு, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனவே பழைய வடிவத்தில் புதிய பொருளைப் பாடுவது இந்தப் பெண்ணிடமிருந்து தொடங்கவில்லை. அவரை "முதன்முறையாக" என்று புகழ்ந்து எழுதிவிடாதீர்கள். இப்போதெல்லாம் அறிமுகக் கட்டுரைகளில் அந்தச் சொல் மிக மலிவாகிவிட்டது.

பதில் 2: முட்டம் கரையிலிருந்து

தோவாளை அண்ணாச்சி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குமரி மாவட்டத்தின் எல்லாப் பாட்டையும் வில்லின் கீழ் அடக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கோயில் கொடை கேட்டு வளராத பிள்ளைகளும் பாடகர்களாகிறார்கள். வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டிலும் அதே கேள்வியும் மறுமொழியும் இருக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், அங்கே மறுமொழி கதையை நகர்த்துவதில்லை, கயிற்றை நகர்த்துகிறது. ஆகவே தாளம் மூச்சின் அளவுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

அவர் குறிப்பிட்ட தேவாலயப் பாடகர் குழுவையும் அவ்வளவு விரைவாகக் கடந்துவிட வேண்டாம். மயிலாடியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றியது முதல், பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் இணைந்து பாடும் முறை இங்குள்ள பிள்ளைகளின் காதுகளுக்குப் பழகியது. அவர் பாடலின் இறுதியில் தன் குரலையே இரண்டாவது முறையாகப் பதிவு செய்து, முதல் குரலுக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறார். வில்லுப்பாட்டில் இது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆல்டோ எனும் தாழ்ந்த பெண்குரலில் பாடிய ஒருவருக்கு இது தானாகவே வரும். கிதாரும் இங்குள்ள பல பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்தது பாடகர் குழுவில்தான்.

மலையாளத் தொடர்பைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இப்பகுதி மலையாளம் பெரும்பான்மையாக வழங்கிய திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் இரு மொழிப் பாட்டும் கலந்து ஒலிப்பது இயல்பு. டிலனைப் பற்றி எழுதுவதாக இருந்தால், ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: 1962இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பின் 13 பாடல்களில் அவர் எழுதியவை இரண்டுதான், மற்றவை மரபுப் பாடல்களும் பிறர் பாடல்களும். மரபைப் பாடிப் பழகியே தன் குரலைக் கண்டடைந்தார் என்பதால் அந்தப் பெயர் இங்கே பொருந்துகிறது. அது இல்லாவிட்டால் டிலன் பெயர் வெறும் அலங்காரம்.

பதில் 3: நாகர்கோவில் வழக்கறிஞர்

ஒப்பந்தம் குறித்து மட்டும் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒரு பாடலில் வரிகள், இசை, ஒலிப்பதிவு என்று தனித்தனி உரிமைகள் உள்ளன. இந்தப் பெண்ணே எழுதி, மெட்டமைத்து, தன் செலவில் பதிவும் செய்திருந்தால் மூன்றும் அவருடையவை. வரிகளுக்கும் இசைக்குமான உரிமை படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின்னரும் 60 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், ஒரு கையெழுத்தின் எடை மிகப் பெரியது.

2012 திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் இடம்பெற்ற வரிகளையும் இசையையும் படைத்தவர், அவற்றின் பயன்பாட்டுக்காக, உரிமையை வாங்கியவருடன் சமமாகப் பங்கிட்டுப் பெற வேண்டிய உரிமத்தொகையைத் தன் சட்டப்பூர்வ வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. "எல்லா உரிமத்தொகையும் நிறுவனத்துக்கே" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த நிறுவனம் எதை நாடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். உரிமை மாற்றம் எழுத்து மூலமாக, எந்தப் படைப்பு, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று தெளிவாக இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகளாகக் கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் எனக் கொள்ளும். இனி எழுதப்போகும் பாடல்களையும் சேர்த்து எழுதிக் கேட்கிறார்களா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமத்தொகை வசூலித்துத் தரும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் (IPRS) உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

பதில் 4: தோவாளைக்காரன்

வளர்ச்சியை எப்படிச் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. யூடியூப் வருவாய்ப் பகிர்வுக்கு 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்ததுதான். அந்த எல்லையைத் தாண்டியதெல்லாம் ஒரு செய்தியாகாது. அவர் குடமும் உடுக்கையும் வாசிக்கும் கலைஞர்களை மேடைக்கு அழைத்துச் செல்கிறாரா, அவர்களுக்குப் பேசிய கூலியைக் கொடுக்கிறாரா, கொடைக் காலம் முடிந்த பிறகும் அவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அவர் பாட்டை வேறு யாராவது அவரில்லாத இடத்தில் பாடுகிறார்களா என்றும் கேளுங்கள். வானொலியில் குரல் தேர்வில் பாடித் தரநிலை பெற்றிருந்தால் அதையும் குறிப்பிடலாம். நாகர்கோவிலில் வானொலி நிலையம் இருப்பதால் அது எட்டாத தொலைவில் இல்லை.

கேள்வி கேட்டவர்: இரணியல் வாசகன்

மூவருக்கும் நன்றி. கட்டுரையை அந்தப் பேச்சு இடைவெளியிலிருந்தும் இரண்டாம் குரலிலிருந்தும் தொடங்கப் போகிறேன். வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: புதிய பாடல் ஒன்றில், தன் ஊர் அண்ணாவி பாடிக் கேட்ட நான்கு அடிகளை அவர் அப்படியே சேர்த்திருக்கிறார். அதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பதில் 5: நாகர்கோவில் வழக்கறிஞர்

அந்த அடிகள் தலைமுறைகளாக வழங்கிவரும் பழைய கதைப்பாடலைச் சேர்ந்தவை என்றால் அவற்றுக்குத் தனி உரிமையாளர் இல்லை. அண்ணாவி தாமே கட்டிய அடிகள் என்றால் அவை அவருடைய படைப்பு; அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதியும் வருவாயில் பங்கும் வேண்டும். முதலில் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். எந்த நிலையிலும் பாடல் விவரத்தில் அண்ணாவியின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய குரலையே பதிவில் பயன்படுத்தியிருந்தால், நிகழ்த்துபவர் உரிமை என்ற தனி உரிமையும் அவருக்கு உண்டு, அதற்கும் ஒப்புதல் தேவை.