எரிந்த மலைச்சரிவு: மழை பெய்தால் காடு தானாகத் திரும்புமா?

பாபநாசத்துக்காரர்:
பங்குனியில் அடிவாரத்தில் தீப்பிடித்தால் உடனே மரம் நடக் கிளம்பிவிடுகிறார்கள். தேவையே இல்லை என்கிறேன். நம் நெல்லை மலையடிவாரம் இலையுதிர் காடு, வேங்கைக்கெல்லாம் பட்டை தடிமன், மேலே கருகினாலும் தூரில் துளிர்க்கும். ரெண்டு கோடை மழை விழுந்தால் போதும்.

களக்காட்டுப் பெண்:
அண்ணாச்சி, துளிர்ப்பது பழைய மரம். விதையிலிருந்து புதுக்கன்று வருகிறதா? பழைய வேர் ஆழத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும், கன்றுக்கு மேல்மண் ஈரம்தான் எல்லாம். ஆனி ஆடியில் மலையுச்சியும் கேரளாவும் நனையும்போது அடிவாரத்தில் நமக்கு வறண்ட மேல்காற்றான கச்சான்தான், பெரிய மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்கணும், அதுவரை எரிந்த சரிவில் நிழலும் இல்லை, சருகும் இல்லை. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் 52 காட்டுத்தீ எரிந்த இடங்களைப் பார்த்து 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. கன்றே முளைக்காத இடங்கள் 2000-க்கு முன் எரிந்தவற்றில் 19 சதவீதம், பின்னால் எரிந்தவற்றில் 32. தீக்கு அடுத்த வருஷங்கள் சூடாகவும் வறட்சியாகவும் இருந்ததை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

பாபநாசத்துக்காரர்:
அது ஊசியிலைக் காடு, தங்கச்சி. அங்குள்ள டக்ளஸ் ஃபிர் மரம் தூரில் துளிர்க்காது, விதைதான் கதி. அந்தக் கணக்கை வேங்கைக்குப் போடக்கூடாது.

மணிமுத்தாறு தம்பி:
மலைமேல் கதை வேறு. மாஞ்சோலை, கோதையாறு பக்கம் ரெண்டு பருவமழையும் கொட்டுகிறது, ஆனாலும் சோலைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லியது, வெடிப்பலா மாதிரி மரங்களின் விதை மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்காது. அங்கே தீ ஏறினால் மழை மட்டும் காப்பாற்றாது. அடிவாரத்துப் பேச்சை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

களக்காட்டுப் பெண்:
அதேதான். எவ்வளவு மழை என்பதைவிட எப்படிப் பெய்கிறது என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழை மொட்டைச் சரிவில் விழுந்தால் மேல்மண்ணும் விதையும் அணைக்குத்தான் போய்ச்சேரும், மிஞ்சிய இடத்தில் உண்ணிச்செடிக் களை ஏறும். விழுந்த மரத்தைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு மண்ணைப் பிடிக்கணும், தீத்தடுப்புக் கோடு போட்டு அடுத்த தீயையும் நிறுத்தணும். துளிர்த்ததே மறுபடி எரிந்தால் உங்கள் வேங்கையும் எத்தனை தடவை தாங்கும், அண்ணாச்சி?

பாபநாசத்துக்காரர்:
மண்ணைப் பிடிப்பதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, உண்ணிச்செடியையும் பிடுங்கட்டும். நர்சரி நாற்றை லாரியில் ஏற்றிவந்து குழி தோண்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ரெண்டு வடகிழக்கு மழை பார்ப்போம், அதற்கப்புறமும் கன்று இல்லாத சரிவு எது என்று நடந்துபார்த்துச் சொல்லுங்கள், அங்கே மட்டும் நடுங்கள்.

களக்காட்டுப் பெண்:
ரெண்டு மழையும் பொய்த்தால்?